ஒரு நாள் முந்திப் போகிறவர்

மாட்ராய்,
14 ஜூலை 1958

என் அருமை புர்கலுக்கு,

ஸில்லர் பள்ளத்தாக்கின் முடிசூடாத சக்கரவர்த்தியும், உன் அப்பாவின் ஒரே தம்பியுமான ரோமெட் சித்தப்பா எழுதுவது. நான் நலம். என் வயிறு என்னைவிட நலம். அண்ணி சுகமா? மலைக்கொட்டிலில் நீயும் பசுக்களும் சுகமா?

நான் ஹிப்பாக்கிலிருந்து கிளம்பி ஐந்தே நாளில் மாட்ராய் வந்து சேர்ந்துவிட்டேன். பேருந்துக்காரன் இதை அரை நாளில் கடப்பான் என்பது உண்மைதான். ஆனால் அவனிடம் பேரரசி இல்லையே. பேரரசி என்பது என் காரின் பட்டப்பெயர் என்று அறிக. மேட்டில் ஏறும்போது நத்தைகள் எங்களை முந்திப் போயின. அதில் ஒன்று, வயதில் பெரியது, தொப்பியைத் தூக்கி மரியாதை செய்துவிட்டுப் போயிற்று.

நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. "அப்பா மாட்டுச் சந்தைக்குன்னு மோட்டார் சைக்கிள்ல போயி ஒரு மாசம் ஆச்சு. தேடப் போன மனுஷன் ஊர்வலம் போறாரே!" என்கிறாய். அம்மாடி, போலீஸ் ஜீப்பில் பறந்து போய்த் தேடியது. என்ன கண்டது? சாலையைக் கண்டது. உன் அப்பா சாலையிலா உட்கார்ந்திருப்பார்? எல்லைக்கு அந்தப் பக்கம், இத்தாலியில், ஏதாவது விடுதியில் சூப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். ஆகவே ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு விடுதியிலும், ஒவ்வொரு சூப்பையும் நான் விசாரணை செய்தாக வேண்டும். எவ்வளவு பெரிய தியாகம் பார்.

பதிலை ஸ்டெர்ட்ஸிங் தபால் நிலையத்தில் எனக்காக வைத்திருக்கச் சொல்லி அனுப்பு.

உன் சித்தப்பா,
ரோமெட்

*

மலைக்கொட்டில்,
22 ஜூலை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். அம்மா கீழே வீட்டில் நலம். பசுக்கள் எல்லாம் நலம். லீஸல் இந்த வருஷமும் மந்தைக்கு முன்னால்தான் நடக்கிறாள்.

உங்கள் நத்தையை அம்மாவுக்கும் எழுதினீர்களாம். சிரித்தாளாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாரத்துக்கு ஒருமுறை பாலாடைக்கட்டி இறங்கும்போதுதான் கடிதமும் இறங்கும். ஒரு கேள்வி கேட்டு ஒரு பதில் வாங்க எனக்கு இரண்டு வாரம் ஆகிறது. அதில் நத்தைக்கு இடம் இல்லை.

கோடை மேய்ச்சல் முடிந்து அக்டோபர் முதல் சனிக்கிழமை பசுக்கள் கீழே ஊருக்கு இறங்குகின்றன. அம்மா இப்போதே கேட்டு அனுப்புகிறாள்: "லீஸலுக்குக் கிரீடம் கட்ட ஆரம்பிச்சிட்டியா?" தேவதாரு இலை, வண்ணக் காகிதம், பட்டு நாடா எல்லாம் மேலே வந்து சேர்ந்துவிட்டன. கோடையில் வீட்டிலோ தொழுவத்திலோ சாவு விழாமல் இருந்தால்தான் கிரீடம். விழுந்திருந்தால் வெறுந்தலையோடு இறக்க வேண்டும். ஊரே பார்த்துப் புரிந்துகொள்ளும். நான் எதைச் செய்ய? கிரீடம் கட்டினால் அப்பா இருக்கிறார் என்று சொன்னதாகும். கட்டாவிட்டால் இல்லை என்று சொன்னதாகும். எனக்கு இரண்டுமே தெரியாது.

"நாளைக் காலை வீட்டுக்குக் கிளம்புகிறேன்" என்று ஜூன் இருபதாம் தேதி ஸ்டெர்ட்ஸிங்கிலிருந்து போட்ட அட்டைதான் அவரிடமிருந்து கடைசி. அங்கே விசாரியுங்கள். கேட்டதை மட்டும் எழுதுங்கள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கூட்டாமல் எழுதுங்கள்.

குளிருக்குக் கம்பளி போட்டுக்கொள்ளுங்கள்.

புர்கல்

*

ஸ்டெர்ட்ஸிங்,
29 ஜூலை

என் அருமை புர்கலுக்கு,

நலம், நலம், நூறு மடங்கு நலம்! ஏன் என்று கேட்க மாட்டாயா? இரு, வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கு அஜீரணம் ஆகிவிடும்.

பிரென்னர் எல்லையில் இத்தாலிக்காரச் சுங்க அதிகாரி பேரரசியைச் சுற்றி வந்து, "இதுக்குள்ள என்ன இருக்கு?" என்றான். "நான்தான்" என்றேன். "வேற?" "மூணு பன்றித் தொடைக்கறி இருந்துச்சு ஐயா. அதுவும் இப்ப நான்தான்." அவன் சிரித்த சிரிப்பில் தடுப்புக் கம்பம் தானாக மேலே எழுந்தது. இது கூட்டியது. இனி வருவது கூட்டாதது.

உன் அப்பா உயிரோடு இருக்கிறார். இங்கே கோபுரத்துக்குப் பக்கத்து விடுதியில், நான் வாயைத் திறப்பதற்குள் விடுதிக்கார அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க ரோமெட்தானே? உங்க அண்ணன் நேத்து சாயங்காலம் வந்திருந்தாரே."

"யாரு, எங்கண்ணன் விகிலா?"

"பேரு சொல்லல. அந்த மூலையில வாசலுக்கு முதுகு காட்டி உக்காந்தாரு. ரொட்டி உருண்டை சூப்பு கேட்டாரு. சூடு ஆறுற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. 'என் தம்பி நாளைக்கு வருவான், மலைய பாத்த அறையா குடுங்க'ன்னாரு. அறை தயாரா இருக்கு."

புர்கல், கண்ணே, நான் அந்த மூலை பெஞ்சில் உட்கார்ந்து மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். நேற்றுத்தான்! நாளை மறுநாள் காதைப் பிடித்து இழுத்து வருகிறேன். கிரீடத்துக்கு நாடாவை வெட்டு, அண்ணியிடமும் சொல்.

ரோமெட்

*

மலைக்கொட்டில்,
7 ஆகஸ்ட்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கடிதத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். அவள் அன்றே மேலே ஏறி வந்துவிட்டாள், முழங்கால் வலியோடு. இரண்டு நாள் என்னோடு இருந்து கிரீடத்துக்கு நாற்பது காகித ரோஜா செய்துவிட்டுத்தான் இறங்கினாள். வழி முழுக்கப் பாடிக்கொண்டு போனாளாம்.

ஒன்று கேட்கவா? அவர் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாரா, கழற்றி வைத்தா? அப்பா எந்த வீட்டிலும் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார். ஆறின சூப்பைத் தொடவும் மாட்டார். அது உங்களுக்கே தெரியும்.

உங்கள் நலத்துக்கு எழுதுங்கள்.

புர்கல்

*

பிரிக்ஸன்,
12 ஆகஸ்ட்

அன்புள்ள புர்கலுக்கு,

நலம். தொப்பியைக் கழற்றவில்லையாம். கேட்டுவிட்டேன்.

பேரரசி வழியில் படுத்துக்கொண்டாள். அச்சு உடைந்துபோய் நான்கு நாள் ஒரு கொல்லன் பட்டறையில் கிடந்தேன். அவனுடைய கழுதைக்கு இரண்டு பாஷை பேசக் கற்றுக்கொடுத்தேன். இலக்கணம் மட்டும் கொஞ்சம் உதைக்கிறது.

அந்த நான்கு நாளில் உன் அப்பா வெரோனாவையே தாண்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு பிரிக்ஸனுக்கு வந்தேன். ஆற்றுப் பாலத்தருகே விடுதி. வாசலில் ஒரு கிழவர் பீப்பாய் கழுவிக்கொண்டிருந்தார்.

"அட, வந்துட்டீங்களா? உங்க அண்ணன் நேத்துதான் கேட்டாரு, ஏன் இன்னும் காணோம்னு."

"நேத்தா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க பெரியவரே."

"எனக்கு எழுபது வயசுதான்யா ஆச்சு, எழுநூறு இல்ல. நேத்துதான். பெஞ்ச பாருங்க, இன்னும் ஈரம் காயல."

பெஞ்சு ஈரமாகத்தான் இருந்தது. மழை பெய்து ஒரு வாரம் ஆகிறது.

நான் ஒரு குறும்பு செய்தேன். காரைத் திருப்பி, வந்த வழியே ஸ்டெர்ட்ஸிங்குக்குப் போனேன், வேண்டுமென்றே வேகமாக. அந்த அம்மாள் கதவைத் திறந்தவுடன் சொன்னாள்: "மறுபடியும் நேத்து வந்தாரு. அதே அறைதான் உங்களுக்கு."

திரும்பி பிரிக்ஸனுக்கே வந்துவிட்டேன். முன்னால் போனாலும் ஒரு நாள். பின்னால் போனாலும் ஒரு நாள். உன் அப்பாவுக்கு இவ்வளவு விளையாட்டுக் குணம் எங்கிருந்து வந்தது? நம் குடும்பத்தில் அந்தக் குணம் முழுவதையும் நான் அல்லவா குத்தகைக்கு எடுத்திருந்தேன்?

அண்ணியிடம் இதில் பாதியை மட்டும் சொல்.

ரோமெட்

*

மலைக்கொட்டில்,
21 ஆகஸ்ட்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். நீங்கள் கதை கட்டுகிறீர்களா? எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று கட்டுகிறீர்களா? அப்படியானால் நிறுத்துங்கள். அம்மா தினமும் மேஜையில் அப்பாவின் தட்டை வைக்கிறாளாம். "நாளைக்கு வந்திருவாரு, ஒரு ஊருதான் பாக்கி" என்று பால்காரனிடம் சொல்கிறாளாம்.

கதைதான் என்றால் ஒரு வரி எழுதினால் போதும்.

புர்கல்

*

மலைக்கொட்டில்,
4 செப்டம்பர்

சித்தப்பா,

இரண்டு முறை பாலாடைக்கட்டி இறங்கியும் உங்களிடமிருந்து ஒன்றும் மேலே வரவில்லை. கழுதையைப் பற்றியாவது எழுதுங்கள்.

புர்கல்

*

புருனெக்,
6 செப்டம்பர்

அன்புள்ள புர்கலுக்கு,

நலம், நலம். எழுதத் தாமதம். கழுதைக்குப் பட்டமளிப்பு விழா, நான்தான் தலைமை. மூன்று ஆயர்கள் வந்திருந்தார்கள். ஒருவருக்கு அதன் லத்தீன் பிடிக்கவில்லை.

புருனெக் அழகான ஊர். ஒரே தெருவை வளைத்துப் போட்டு ஊர் என்கிறார்கள். சோளக் களியும் சுண்டக் காய்ச்சிய மான்கறியும் கிடைக்கின்றன. உன் அப்பா நேற்று இங்கே இருந்தார். விடுதிக்காரி தரையைத் துடைத்துக்கொண்டே, "உங்க அண்ணனுக்குக் கால துடைச்சிட்டு உள்ள வரத் தெரியாதா? கல்லற தோண்டுறவன் மாதிரி மண்ணு" என்று என்னைத் திட்டினாள். மன்னிப்புக் கேட்டேன். வேறென்ன செய்வது.

அண்ணி உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும். கிரீடத்துக்கு அவசரம் இல்லை. மெதுவாகக் கட்டு.

ரோமெட்

*

மலைக்கொட்டில்,
15 செப்டம்பர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நம் பங்குச் சாமியார் தானே மேலே ஏறி வந்தார். ஸ்டெர்ட்ஸிங் சாமியார் அவருக்கு எழுதியிருக்கிறார். ஊருக்கு வடக்கே, சாலைக்குக் கீழே, ஆற்றுப் பாறை இடுக்கில் மோட்டார் சைக்கிளும் அப்பாவும் கிடைத்தார்களாம். ஜூன் மாதமே விழுந்திருக்க வேண்டுமாம். உங்களை பிரிக்ஸனிலிருந்து கூட்டிப் போய் அடையாளம் கேட்டார்களாம். உடம்பு எல்லை தாண்டி எடுத்துவரும் நிலையில் இல்லை என்பதால் அங்கேயே புதைத்தீர்களாம். ஆகஸ்ட் இருபத்தாறு, செவ்வாய்க்கிழமை. குழிக்கு நீங்கள்தான் முதல் பிடி மண் போட்டீர்களாம்.

அதற்குப் பிறகு எனக்கு மான்கறி எழுதினீர்கள்.

சாமியாரைக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன், அம்மாவிடம் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன் என்று. இன்னும் சொல்லவில்லை. வாயில் வரவில்லை. பசுக்கள் வெறுந்தலையோடு இறங்கட்டும், அவளே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைக்கிறேன். கோழைத்தனம்தான்.

நீங்கள் ஏன் இப்படிச் செய்தீர்கள்?

புர்கல்

*

லீன்ஸ்,
22 செப்டம்பர்

புர்கல்,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் நீ எப்படி இருக்கிறாய், கண்ணே?

சாமியார் எழுதியதெல்லாம் உண்மை. உன் அப்பாவின் கைக்கடிகாரத்தைப் பார்த்து அடையாளம் சொன்னேன். வேறு எதையும் பார்த்துச் சொல்ல முடியவில்லை. சவப்பெட்டியை நானே இறக்கினேன். கனமாக இருந்தது.

நான் எழுதியதும் உண்மை. கழுதை பொய், ஆயர்கள் பொய், மான்கறி மட்டும் கொஞ்சம் உண்மை. உன் அப்பாவைப் பற்றி நான் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. புதைத்த பிறகு ஸ்டெர்ட்ஸிங்கில் ஒரு வாரம் படுத்தே கிடந்தேன். பிறகு எங்காவது போய்விடலாம் என்று யாரிடமும் சொல்லாமல் கிழக்கே ஓட்டினேன். புருனெக்கில் அந்தப் பெண் மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். டோப்ளாக்கில் நேற்று வந்தார் என்றார்கள். இன்னிக்கனில் நேற்று. எல்லை தாண்டி ஸில்லியனில் நேற்று. இங்கேயும் நேற்று.

இங்கே விடுதிக்காரன் கேட்டான்: "உங்க ரெண்டு பேருக்கும் ஏதாச்சும் சண்டையா? 'என் தம்பி என் பின்னாடியே வர்றான், ஒரு நாளும் வந்து சேர மாட்டேங்குறான்'னு கண்ணு கலங்கிட்டாரு பாவம்."

வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். இந்த ஊர்களை நான் தேர்ந்தெடுக்கவில்லை, புர்கல். அவர்தான் வழி காட்டுகிறார். லீன்ஸிலிருந்து குளோக்னர் மலைச்சாலை, அப்புறம் கிரிம்மல், அப்புறம் கெர்லோஸ் கணவாய். அதற்கு அடுத்த ஊர் எது என்று உனக்குத் தெரியும். "நாளைக் காலை வீட்டுக்குக் கிளம்புகிறேன்" என்று எழுதினாரே, கிளம்பிவிட்டார். விழுந்தது அவருக்குத் தெரியவில்லை.

அதனால் கேள். கிரீடம் கட்டாதே. அவர் எத்தனை வருஷம் மந்தை இறக்கியவர்! வெறுந்தலையைப் பார்த்தால் வீட்டில் சாவு என்று புரிந்துகொள்வார். யார் என்று கேட்பார். நீங்கள்தான் என்று சொல்லிவிடு. சொன்னால் போய்விடுவார். சொல்லாவிட்டால் உட்கார்ந்துவிடுவார். நான் சொல்ல முடியாது, நான் எப்போதும் ஒரு நாள் பின்னால்தான் வருவேன்.

ரோமெட்

*

கெர்லோஸ்,
2 அக்டோபர்

புர்கல்,

கணவாய்க்குக் கீழே கடைசி விடுதியில் இருக்கிறேன். நலம். அவர் நேற்று இங்கே இருந்தார். எனக்கு அறை சொல்லவில்லையாம். "இனி வீட்டுல பாத்துக்கலாம்" என்றாராம்.

நான் இங்கேயே நிற்கிறேன். உன் பதில் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன். பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்பு. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு சொல். எனக்குத் தெரிந்த பெரிய வார்த்தைகளை எல்லாம் தேடிப் பார்த்தேன், இதற்கு ஒன்றும் உதவாது. சின்ன வார்த்தையிலேயே சொல்.

ரோமெட்

*

ஹிப்பாக், வீட்டில்,
4 அக்டோபர், சனிக்கிழமை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கிரீடத்தைக் கொட்டிலிலேயே விட்டுவிட்டேன். லீஸல் வெறுந்தலையோடு முன்னால் நடந்தாள். பாலத்தருகே காத்திருந்த கூட்டம் மணிச்சத்தம் கேட்டதும் கை தட்டியது. அப்புறம் பசுக்களின் தலையைப் பார்த்தது. கை தட்டல் நின்றது. தெரு முழுக்க ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நம் வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். பக்கத்தில் அப்பா நின்றிருந்தார். அம்மா அவர் கைச்சட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள், கல்யாணப் படத்தில் சிரிப்பதுபோல.

பசுக்களை அப்பா ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு அவரும் தொப்பியைக் கழற்றினார். முடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருந்தது. லீஸல் அவரைச் சுற்றி விலகிப் போனாள்.

"யாரும்மா போனது, நம்ம வீட்டுல?" என்றார்.

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "என்னடி இது? யாரு?" என்றாள். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான்.

அதற்குள் அப்பாவே சொன்னார்: "ரோமெட்டா? எனக்கு அப்பவே சந்தேகம். ஊரு ஊரா பின்னாடியே வந்தான். அறை சொல்லி வச்சேன், சூப்பு சொல்லி வச்சேன், முகத்தக் காட்டவே இல்ல. உசுரோட இருக்கறவன் அப்படியா வருவான்?"

நான் "ஆமாப்பா" என்றேன்.

அவர் வாசல்படியில் உட்கார்ந்து அழுதார். சாமியார் கதவுவரை வந்தார், உள்ளே பார்த்தார், சிலுவை போட்டுக்கொண்டு திரும்பி நடந்துவிட்டார். இப்போது அப்பா சமையலறையில் இருக்கிறார். அம்மா சூப்பு வைத்திருக்கிறாள். நாற்காலிக்கு அடியில் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கிறது. அம்மா துடைத்துக்கொண்டே இருக்கிறாள். எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இறுதிப் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு அட்டையில் போட உங்கள் படம் ஒன்றை அப்பா எடுத்து வைத்திருக்கிறார். பல் தெரியச் சிரிக்கிற படம். "இந்தப் பயலுக்கு இதுதான் பொருத்தம்" என்றார்.

நீங்கள் இறங்கி வரக் கூடாது, சித்தப்பா. வந்து வாசலில் நின்றால் அவருக்குத் தெரிந்துவிடும். அம்மாவுக்கும் தெரிந்துவிடும். அவள் பாடிக்கொண்டே துடைக்கிறாள். காரைத் திருப்பிக்கொண்டு எங்கேயாவது போய்விடுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் போனால் இன்னும் நல்லது. குளிர் வந்துவிட்டது, கம்பளியை மறக்காதீர்கள்.

நலம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தபால்காரர் கடிதத்தை அப்பா கையில்தான் கொடுப்பார்.

புர்கல்